ஹாப்ஸும் லாக்கும் ஒரே கட்டுரையில

கேள்வி: பி.ஏ. அரசியல் அறிவியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் சார். இங்கிலாந்தோட அரசியல் சிந்தனையாளர்கள் ஹாப்ஸையும் லாக்கையும் ஒப்பிட்டு கட்டுரை எழுதுனேன், மேடம் 'கைடு வாசிச்ச மாதிரி இருக்கு'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. எப்படி மாத்துறது? - வாசகி, திருச்சி

பதில்: மேடம் சொன்னதுல தப்பில்லம்மா, எல்லாரும் "ஹாப்ஸ் 1588ல பிறந்தார்"னு ஆரம்பிச்சு பாராவ நிரப்பிடறாங்க, மனுஷன் ஏன் அவ்ளோ பயந்தாருன்னு ஒரு வரி இருக்காது. இங்கிலாந்துல 1642ல உள்நாட்டுப் போர், 1649 ஜனவரில ராஜா முதலாம் சார்லஸோட தலையவே வெட்டிட்டாங்க, இவரு பாரிஸ்ல இருந்துக்கிட்டு எழுதின 'லெவியத்தான்' 1651ல வருது. அதோட முகப்புப் படத்த நெட்ல பெருசாக்கிப் பாருங்க, மலைக்குப் பின்னாடி கிரீடம் வச்ச ராட்சஸன், ஒரு கையில வாள், இன்னொரு கையில பிஷப்போட கோல், உடம்பு ஃபுல்லா குட்டிக் குட்டி மனுஷங்க, அத்தன பேரும் நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு அவனையே பாத்துட்டிருப்பாங்க. கட்டுரைய அங்கருந்தே ஆரம்பிங்க, சண்டை சச்சரவு இல்லாம வாழணும்னா எல்லாரும் சேந்து ஒரே ஆட்சியாளன்கிட்ட அதிகாரத்தக் குடுத்துடணும்ங்கற அவரோட வாதத்துல பாதி அந்தப் படத்துலயே இருக்கு.

லாக் வேற ஆளு. உயிர், சுதந்திரம், சொத்து இதக் காப்பாத்தாத ஆட்சிய மாத்திக்கலாம்ங்கறார். இங்கிலாந்துல ராஜா இரண்டாம் ஜேம்ஸ விரட்டின 1688 புரட்சிய நியாயப்படுத்தத்தான் 'டூ ட்ரீட்டிஸஸ் ஆஃப் கவர்ன்மென்ட்'ங்கற புத்தகத்த எழுதினார்னு கைடுல இருக்கும், அத அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, புத்தகம் 1689ல பேர் போடாம வந்துச்சு, ஆனா பெரும்பகுதி புரட்சிக்குப் பல வருஷம் முன்னாடியே எழுதுனதுன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. இவங்களுக்குப் பின்னாடி வந்த சிந்தனையாளர் ரூசோவயும் இதுல இழுத்துடாதீங்க, பக்கம் பத்தாது.