ஆறாத புண்ணும் உள்ளங்கால் கரும்புள்ளியும்: தோல் புற்றுநோய் குறித்த கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: சிறு வயதிலிருந்து வெயிலில் கடலுக்குப் போய் வருகிறேன். எங்களைப் போன்ற கறுத்த உடம்புக்கும் தோல் புற்றுநோய் வருமா, டாக்டர்? (மீனவர், பாம்பன்)

வரும், ஆனால் வெள்ளைத் தோல் உடையவர்களைவிட மிகக் குறைவாகவே வரும். நம் தோலில் நிறைந்துள்ள மெலனின் என்னும் நிறமி புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆயினும் 'நமக்கெல்லாம் வராது' என்ற நம்பிக்கையே பலரை நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம். இவ்வகை நோய்களில் கொடியதான மெலனோமா, கறுத்த நிறத்தவருக்கு வெயில் படும் முகத்தைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் தோன்றுகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது இதுவே; 1981இல், 36 வயதில் இறந்தார். கரையேறிக் கால் கழுவும்போது உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். ஓரம் ஒழுங்கில்லாத, நிறம் ஒரே சீராக இல்லாத, பெரிதாகிக்கொண்டே வரும் கரும்புள்ளி தெரிந்தால் உடனே காட்டுங்கள். வெயிலால் கீழுதட்டில் உண்டாகி ஆறாமல் இருக்கும் வெடிப்பும் அப்படியே.

கேள்வி: பாசி எடுக்கும்போது பாறை கிழித்த கால் காயம் ஆறு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் பத்துப் போடுகிறேன். (சின்னப்பாலம்)

பத்தை நிறுத்திவிடுங்கள் அம்மா. அது புண்ணின் தோற்றத்தை மறைத்துவிடும். நீங்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டாலும் காலுக்குப் பாதுகாப்பு இருப்பதில்லை. ஆறு மாதப் புண் பெரும்பாலும் புற்றாக இருக்காது. இரத்தக் குழாய்க் கோளாறு, உணர்ச்சியற்றுப் போகச் செய்யும் தொழுநோய், கடல்நீரிலும் மீனிலும் வாழும் ஒருவகைக் காசநோய் இனக் கிருமி ஆகியவற்றையே முதலில் தேடுவேன். ஆனால் பல ஆண்டுகள் ஆறாத புண்ணிலும், பழைய தீக்காயத் தழும்பிலும் செதில் செல் புற்று என்னும் ஒருவகைத் தோல் புற்றுநோய் உருவாவதுண்டு. புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டிப்படுவது, காலிஃபிளவர் பூப்போல் சதை வளர்வது, தொட்டால் இரத்தம் கசிவது, துர்நாற்றம் கூடுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். எதுவாயினும் ஒரு மாதத்திற்கு மேல் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: சதை எடுத்துப் பரிசோதித்தால் புற்று பரவும் என்கிறார்களே? (கீழக்கரை)

பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுப்பதே நோயை உறுதிசெய்யும் வழி. அதைச் செய்யாமல் மச்சத்தை ஆசிட் வைத்தோ லேசரிலோ எரிப்பதுதான் ஆபத்து; பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெலனோமாவைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலுடன் வெட்டியெடுப்பதே பெரும்பாலும் போதுமானது. நெறிக்குப் பரவிவிட்டால் சிகிச்சை நீளும். செலவுக்கு அஞ்ச வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

கேள்வி: கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. (கல்லூரி மாணவி, தேவிபட்டினம்)

பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது நம் நிறத்தவருக்கு இயல்பு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகன்றுகொண்டே போய், நகக்கண் தோலிலும் கறுப்புப் படர்ந்தால் தாமதிக்க வேண்டாம். அடிபட்ட இரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்துவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறம் இல்லை. (தங்கச்சிமடம்)

நிறமியின் காப்பு இல்லாத இக்குழந்தைக்குத்தான் வெயில் மெய்யாகவே பகை. காலை பத்து முதல் மாலை நான்கு வரை நேரடி வெயில் கூடாது. கடல்நீரும் வெண்மணலும் வெயிலைத் திருப்பி அடிப்பதால் கடற்கரை நிழலும் போதாது. முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, எஸ்.பி.எஃப். எனப்படும் வெயில் காப்பு அளவு 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகியவை அன்றாடம் தேவை. வெளியில் இருக்கும்போது சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். பள்ளியில் விளையாட்டு வகுப்பை அதிகாலையிலோ உள்ளரங்கிலோ வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் பேசுங்கள். கண் பரிசோதனையுடன், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் முழுவதையும் தோல் மருத்துவரிடம் காட்டி வாருங்கள்.