வழுக்கும் படகுத் தளத்துக்கு விரிப்பா, மணலா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். மச்சானும் நானும் சேர்ந்து தொண்டியில் 24 அடி பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். நண்டு வலைதான் தொழில். மேல்தளம் சுமார் 60 சதுர அடி, பிளைவுட் மேல் ஃபைபர் போட்டது. நனைந்தால் கால் வழுக்குகிறது. பச்சைப் புல் கார்ப்பெட் போடச் சொல்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் இருக்கும் சின்ன மச்சான் ஃபோம் ஷீட் அனுப்புகிறேன் என்கிறான். காரைக்குடியில் வீடு இடித்த பர்மா தேக்குப் பலகையும் கிடைக்கிறது. எதைப் போடலாம் ஐயா?

பதில்: மூன்றுமே வேண்டாம். மணல் தூவிய பெயின்ட் போதும். ஆனால் எதைப் போடுவதற்கு முன்னாலும், தளத்துக்கு அடியில் பிளைவுட் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய படகு என்கிறீர்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த கொத்தனார் காய்ந்தபின் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி சுத்தியல் கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் சரி. 'தொப்' என்று கேட்கும் இடத்தில் பலகை ஊறியிருக்கிறது, அல்லது ஃபைபர் பலகையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே கீழ்ப்பக்கத்திலிருந்து சின்னத் துளை ஒன்று போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் பலகை) வைத்து மறுபடி ஃபைபர் போட வேண்டியதுதான். இதில் பலரும் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு: கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பலகைக்கு எமன். உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்த்துவிடும். கரையில் ஏற்றி மூடாமல் போட்ட படகு, திருகாணி ஓட்டை வழியாக மழை இறங்கியே மக்கிப்போகும்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்றுக்கும் வருகிறேன். தேக்கு நல்ல மரம், நனைந்தாலும் அவ்வளவாக வழுக்காது. ஆனால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் 60 சதுர அடிக்குப் போட்டால் ஒரு ஆள் எடை வந்துவிடும். அந்த ஆள் எந்நேரமும் மேல்தளத்தில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சின்னப் படகு ஆட்டம் காட்டாதா? போதாததற்கு ஒவ்வொரு திருகாணியும் பிளைவுட்டுக்குள் புதுசாக ஒரு வழி திறக்கும். அந்தப் பலகையில் வீட்டுக்கு ஒரு ஊஞ்சல் செய்துகொள்ளுங்கள்.

ஃபோம் ஷீட் எடை இல்லாதது, காலுக்கும் இதம். உல்லாசப் படகுக்கு நானே சொல்வேன். நண்டு வலைக்கு ஆகாது. கொடுக்கு கவ்வினால் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும், ஒரு ஓரம் எழும்பினால் வலைக்கண் அதில் மாட்டும். புல் கார்ப்பெட் இன்னும் மோசம். உடைந்த நண்டுக் கால், செதில், பாசி எல்லாம் அடியில் போய் உட்காரும். இரண்டாம் நாளே நாற்றம் கரைக்கு வரும். அடியில் ஈரமும் காயாது.

சரி, மணல் பெயின்ட் எப்படி? பழைய பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அசிட்டோனால் துடையுங்கள். தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் அவசியம், ஃபைபர் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸியை ஒரு கோட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே சிலிக்கா மணலை அடி தெரியாத அளவுக்குத் தூவுங்கள். மறுநாள் இறுகியதும் ஒட்டாததைப் பெருக்கி எடுத்துவிட்டு, மேலே வெயில் தாங்கும் பாலியூரிதேன் பெயின்ட் இரண்டு கோட். எபாக்ஸியை அப்படியே வெயிலில் விட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். நிறம் இளஞ்சாம்பல் இருக்கட்டும். வெள்ளை கண்ணைக் கூசும், கறுப்பு காலைச் சுடும்.

மணல் ரவை அளவு போதும். வெறுங்காலோடு நிற்கிற தொழில், குருணை அளவு போட்டால் உள்ளங்கால் தேய்ந்துவிடும். கடற்கரை மணலை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து, பெயின்ட்டைக் கொப்புளம் கொப்புளமாக எழுப்பிவிடும்.

முக்கியமான ஒன்று: தளம் முழுக்க மணல் வேண்டாம். வலை குவிக்கும் இடத்தையும், வலை உரசி ஏறும் விளிம்பையும் டேப் ஒட்டி மறைத்து வழவழப்பாகவே விடுங்கள். நரம்பு வலை (நைலான் இழை வலை) மணலில் தினம் உரசினால் உங்கள் லாபம் வலைக் கடைக்குத்தான் போகும். ஆள் நிற்கிற, நடக்கிற இடத்தில் மட்டும் சொரசொரப்பு இருக்கட்டும்.

பலகை மாற்ற நேர்ந்தால் ஃபைபர் போடுவதற்குப் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசின் வாங்குவீர்கள். அதை இறுக வைக்க ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று இரண்டு திரவம் சேர்ப்பார்கள். அதில் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினோடு நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். அவை இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பழகிய ஆள் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

வாடைக் காற்று தொடங்குவதற்கு முன், பனி காய்ந்த காலை வேளையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கம் நிற்பவருக்கு அலுப்பாக இருந்தால், துளை போட்ட ரப்பர் மேட் ஒரு துண்டு போடலாம். ஒட்ட வேண்டாம். கரைக்கு வந்ததும் எடுத்துக் கழுவிக் கயிற்றில் தொங்கவிடுங்கள்.