சென்கோ அக்காவிடம் கேளுங்கள்: தலையாட்டிவிட்டு வராதீர்கள்

லண்டன் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் சென்கோவாக, அதாவது சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியையாக, வேலை செய்தவள் நான். நம் பெற்றோர் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குத்தான். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

அக்கா, மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். பள்ளியில் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள். படித்த டீச்சர்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்?

காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை உள்ள பிள்ளையைத்தான் அவர்களுக்குத் தெரியும். ஓர் அம்மா கூட்டம் முழுக்க "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறான்" என்றார். பள்ளிக் கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷினின் சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். மத்தியானத்துக்குப் பிறகு ஏன் இவ்வளவு குழப்படி என்று நாங்கள் இரண்டு தவணையாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்!

எதற்கு அழுகிறான், எது செய்தால் அமைதியாகிறான், எப்படித் தூங்குகிறான் என்று தமிழிலாவது எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையை அந்த வேலைக்குக் கூட்டிப்போக வேண்டாம். தம்பியைப் பற்றிய கசப்பான விஷயத்தை அது பாதியில் விழுங்கிவிடும். வருடத்துக்கு மூன்று முறையாவது பள்ளி பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அரசு நெறிமுறையே சொல்கிறது. அது உபகாரம் இல்லை.

மகள் பேச மாட்டாள். ஈஎச்சி திட்டத்துக்கு, அதாவது உள்ளூர் கவுன்சில் பிள்ளைக்குப் போடும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டத்துக்கு, அவளுடைய விருப்பத்தைக் கேட்கிறார்களே, எப்படி எழுதுவது?

படங்களைக் காட்டி எதை எடுக்கிறாள், எதைத் தள்ளிவிடுகிறாள் என்று பாருங்கள். சின்ன வீடியோவும் உதவும். ஒன்றே ஒன்று: நீங்கள் ஊகித்ததை "எனக்கு இசை பிடிக்கும்" என்று அவள் வாயில் போடாதீர்கள். "பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொள்வாள், இது அம்மா கவனித்தது" என்று எழுதுங்கள். பின்னால் படிப்பவருக்கு அதுதான் பயன்படும்.

திட்டத்தின் வரைவு வந்திருக்கிறது. 15 நாளில் பதில் கேட்கிறார்கள். எதைப் பார்ப்பது?

முதலில் ஏ பிரிவு. அதில்தான் பிள்ளையும் நீங்களும் சொன்னது இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து கவுன்சிலை எதையும் செய்யவைக்க முடியாது. சட்டப்படி கட்டாயமாக வழங்க வேண்டியது எஃப் பிரிவில் உள்ள உதவி. அதனால் பேனாவை எடுத்துக்கொண்டு, ஏ-யில் சொன்ன ஒவ்வொரு சிரமமும் பி பிரிவில் தேவையாகவும் எஃப் பிரிவில் உதவியாகவும் வந்திருக்கிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள். "சாப்பாட்டு ஹால் சத்தம் பயம்" என்று ஏ-யில் மட்டும் நின்றால் பிள்ளை தொடர்ந்து பட்டினிதான். "தேவைப்படும்போது", "வாய்ப்பு அளிக்கப்படும்" மாதிரி வழுக்கும் சொற்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். யார், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பள்ளி வேண்டும் என்பதையும் இந்த 15 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். தனியாகத் திணறினால் உங்கள் பகுதியின் செண்டியாஸ் சேவையை, அதாவது சிறப்புக் கல்வித் தேவை பற்றிப் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் சேவையை, கூப்பிடுங்கள், இலவசம்.

வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார் ஒரு டீச்சர்...

வேண்டாம். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது.

மகனுக்கு 16 ஆகிறது. உதவி ஆசிரியர் பக்கத்தில் உட்காருவது வேண்டாம் என்கிறான். எங்களுக்கு அவர் இருந்தால்தான் நிம்மதி.

இனி உங்கள் நிம்மதிக்கு இரண்டாவது இடம்தான். 16 வயதாகும் கல்வியாண்டின் ஜூன் கடைசி வெள்ளிக்குப் பிறகு, 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டப்படி ஈஎச்சி திட்டம் பற்றி முறையிடும் உரிமைகள் அவன் கைக்குப் போகின்றன. முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களுக்கு மட்டும் பெற்றோர் தொடர்வீர்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டீர்களா? என்னிடம் ஒருவன் சொன்னது: "அவர் பக்கத்தில் இருந்தால் யாரும் என்னோடு கதைக்க வருவதில்லை, மிஸ்." அவரைப் பின் வரிசைக்கு மாற்றினோம், அவ்வளவுதான்.