ஊட்டி மாதிரி ஊரில் காரின் துணிக்கூரையை எப்படிப் பராமரிப்பது?
துணிக்கூரை என்பது மடக்கித் திறக்கும் காரின் மேல்மூடி. ஜீப் படுதாவையும் இதே மாதிரிதான் கவனிக்கணும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், பகல் வெயில் சாயத்தை வெளுக்கும், இரவுப் பனி நெசவுக்குள் ஈரத்தை விட்டுப்போகும், அதில் தூசியும் சருகும் சேர்ந்தால் தையலோரம் பச்சையாகப் பாசி பிடிக்கும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அப்புறம் காரமில்லாத சோப்புத் தண்ணீரால் மெதுவாகத் தேய்த்து, நுரை போகும்வரை அலசுங்கள், சோப்பு தங்கினால் அழுக்கு மறுபடி ஒட்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஒட்டாமலிருக்கும் ஸ்ப்ரே. சேம்பு இலையில் போல் துளி உருண்டால் பூச்சு இருக்கிறது, ஊறினால் திரும்ப அடிக்கணும். ஈரத்தோடு மடக்கவே மடக்காதீர்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது பூச்சையும் தையலையும்தான் கெடுக்கும்.