செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு கேம் ஓடும்போது 90 டிகிரியைத் தொடுகிறது, ஃபேன் வேகமும் ஒழுங்காக மாறவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

"பேஸ்ட் மாத்துங்க" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் பசையைத்தான் சொல்கிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றாத கார்டுக்கு எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும், அதே 90 டிகிரிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

ஜிபியு-இசட் மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறங்கள். ஃபேனுக்கு இரண்டு எண்கள் தெரியும். சதவீதம் என்பது கார்டு போடும் உத்தரவு. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்பது ஃபேன் அனுப்பும் பதில். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு கேமைச் சின்ன விண்டோவில் ஓடவிட்டு, இந்த இரண்டு எண்களையும் இறக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். 90 வந்தால் நிறுத்திவிடுங்கள். சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றிருப்பது இப்போதைய கார்டுகள் பலவற்றில் வேண்டுமென்றே வைத்த அமைப்பு. 65ஐத் தாண்டியும் அசையாவிட்டால்தான் கோளாறு.

சூடு ஏறியும் சதவீதம் ஒரே எண்ணில் உறைந்திருந்தால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள், உத்தரவே வரவில்லை. ஃபேன் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் போன்ற இரண்டு மென்பொருள்கள் ஒரே ஃபேனுக்குச் சண்டை போடுவது இதற்கு வழக்கமான காரணம். எல்லாவற்றையும் நீக்கி, டிரைவரையும் சுத்தமாக எடுத்துப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் பயாஸைச் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சந்தேகிக்கலாம்; கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டுகளில் பயாஸை மாற்றியிருப்பது சகஜம். கார்டின் மேல்விளிம்பில் குட்டி ஸ்விட்ச் இருந்தால் அது பெரும்பாலும் இரட்டை பயாஸ். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபக்கம் தள்ளிப் பாருங்கள், சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். ஸ்விட்ச் இல்லையென்றால், இருக்கிற பயாஸை ஜிபியு-இசட்டிலேயே சேமித்துவிட்டு, அதே மாடலின் அசல் பயாஸை ஏற்ற வேண்டும். ஜிபியு-இசட்டில் மெமரி வகைக்குப் பக்கத்தில் சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று ஒரு பெயர் இருக்கும். அந்த மெமரியை ஆதரிக்காத பயாஸை ஏற்றினால் திரை கறுத்துவிடும்.

சதவீதம் ஏறுகிறது, இறக்கை அசையவில்லை என்றால் பவரை அணைத்துவிட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல ஃபேன் தள்ளிய பிறகும் சில சுற்று போகும். பேரிங் காய்ந்தது உடனே நிற்கும். 30 சதவீதத்தில் கிளம்பாமல் 60இல் கிளம்பினாலும் பேரிங்தான். எண்ணெய் விடுவது கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஃபேனை மாற்றுவதே சரி. எல்லா ஃபேனும் ஒன்றாகச் செத்திருந்தால் முதலில் கனெக்டரைப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் ஹீட்சிங்கை (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) கழற்றி மாட்டும்போது அதைச் சரியாகச் செருகாமல் விட்டிருக்கலாம்.

நான்கு ஒயர் ஃபேனில் கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் டாக்கோ, உத்தரவு வரும் பிடபிள்யூஎம் என்று நான்கு இருக்கும். டாக்கோ அறுந்தால் ஃபேன் சுற்றும், ஆர்பிஎம் பூஜ்யம் காட்டும். பிடபிள்யூஎம் அறுந்தால் பெரும்பாலும் எப்போதும் முழு வேகத்தில் அலறும். இரைச்சல் உண்டு, சூடு இருக்காது. இதற்குப் பதில் இரண்டே ஒயர் உள்ள ஃபேனை யாராவது பொருத்தியிருந்தால் கார்டு சொல்வது எதுவும் அதற்குக் கேட்காது. மாற்று ஃபேன் வாங்கும்போது ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளின் மாடல் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும்.

ஃபேனைக் கழற்றி 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேரடியாகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது, கார்டில் மாட்டினால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் போர்டில் உள்ள கண்ட்ரோல் சர்க்யூட் போய்விட்டது. அதைச் சரிசெய்ய மெனக்கெடுவதைவிட, குட்டி நான்கு பின்னிலிருந்து சாதாரண நான்கு பின்னுக்கு மாற்றும் அடாப்டர் போட்டு மதர்போர்டு ஹெட்டரில் (ஃபேன் செருகும் பின்கள்) மாட்டிவிடலாம். ஹெட்டர் வழக்கமாக 1 ஆம்பியர்தான் தாங்கும், லேபிளில் 0.40 ஆம்பியர் என்று போட்ட இரண்டு ஃபேன் 0.80, பரவாயில்லை. மூன்று என்றால் கூடாது. ஃபேன்கண்ட்ரோல் மென்பொருளில் அந்த ஹெட்டரைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடுங்கள். மென்பொருள் கிளம்பாத நாளுக்காக, மதர்போர்டு பயாஸில் குறைந்தபட்ச வேகம் 60 சதவீதம் இருக்கட்டும்.

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் 85க்கு மேல் போனால்தான் பேஸ்ட். ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடத்தின் வெப்பம்) காட்டும் கார்டாக இருந்தால், அதற்கும் சாதாரண வெப்பத்துக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 30ஐத் தொட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கழற்றுமுன் கார்டைச் சில நிமிடம் ஓட்டி, அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஹீட்சிங்கை மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஃபேன் ஒயர் கனெக்டரோடு வந்துவிடும். சிப் முழுவதும் மூடும்படி பேஸ்ட் தடவி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மெமரி சிப்புகள் மேல் ஒட்டியிருக்கும் மெத்தை போன்ற மெமரி பேட் கிழிந்தால் அதே தடிமனில் போடுங்கள், 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது, ஹாட்ஸ்பாட் முன்பைவிட மோசமாகும்.