சம்பளம் முழுவதும் காப்பகத்துக்கே போனால் வேலை எதற்கு?

கேள்வி: என் குழந்தைக்குப் பத்து மாதமாகிறது, விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்தினால் என் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பமே. "அதற்கு நீ வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்கிறார் கணவர். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளையை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் வீட்டில் போட்ட கணக்கு தொடங்கிய இடமே சரியில்லை. குழந்தை இருவருக்கும் உரியதாக இருக்க, காப்பகக் கட்டணத்தை மட்டும் ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கிறீர்கள்? இருவர் வருமானத்தையும் சேர்த்து வைத்துக் கழித்துப் பாருங்கள். அந்தக் கட்டணம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆனால் வேலையை விட்டால் அந்த ஆண்டுகளின் சம்பளத்தோடு பதவி உயர்வும் பணிமூப்பும் ஓய்வுக்காலச் சேமிப்பும் சேர்ந்தே போகும். காப்பகச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் டென்மார்க்கில்கூட, முதல் குழந்தை பிறந்த பின் பெண்களின் வருமானம் ஆண்களுடையதைவிட நீண்ட காலத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு பின்தங்கிவிடுவதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குழந்தையைப் பற்றிய உங்கள் கவலை இதைவிடக் கனமானது. அமெரிக்காவில் 1991இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டிலும் வீட்டுச் சூழலும் பெற்றோரின் அணுகுமுறையுமே அதன் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்தன. காப்பகத்தில் மிக நீண்ட நேரம் இருந்த சில குழந்தைகளிடம் முரட்டுத்தனம் சற்றுக் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. ஆகவே காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் வரைந்திருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். ஒரு பணியாளரிடம் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கின்றன, பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, அழும் குழந்தையை எவ்வளவு விரைவில் தூக்குகிறார்கள் என்பதை, முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்று கவனியுங்கள். பத்து மாதம் என்பது தாயைப் பிரிய அஞ்சும் பருவம் என்பதால், விட்டுவிட்டு வரும்போது எழும் அழுகையை மட்டும் வைத்து அந்த இடம் தீயது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் நீங்களும் உடன் இருந்து, பிறகு அரை மணி, ஒரு மணி என்று நீட்டிப் பழக்க இந்த ஒரு மாதம் போதும்.

வீட்டில் இருப்பது உங்கள் சொந்த விருப்பமாக இருந்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். உங்கள் பெயரில் மாதந்தோறும் ஒரு தொகை சேரட்டும் என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த விருப்பம் தென்படவில்லை. முதல் ஆறு மாதங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்துத் தர முடியுமா என்று அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். காப்பகத்தில் சேர்ந்த புதிதில் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் யார் விடுப்பு எடுப்பது என்று கணவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அவருடைய பதிலைக் கேட்ட பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம்.