மார்பின் மாத்திரை எடுக்கும் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை: என்ன செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய். மூன்று வாரமாக வலியை அடக்கும் மார்பின் (morphine) 10 மி.கி. மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. வலி அடங்கிவிட்டது. ஆனால் பேரன் மடியில் ஏறினாலும் சிரிப்பதில்லை. தங்கை அழுதபோதுகூடச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் வலி திரும்பும். கூடவே வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, கடும் எரிச்சல் எல்லாம் வரும்.

நீங்கள் கவனித்தது கற்பனை அல்ல. மூளையில் மார்பின் போய் ஒட்டுகிற இடங்களுக்கு மியூ ஏற்பிகள் என்று பெயர். அவை உடல்வலிக்கு மட்டுமானவை அல்ல. பிரிவின் தவிப்பும் அணைப்பின் இதமும் அவற்றின் வழியேயும் போகின்றன. தாயைப் பிரிந்து கத்தும் நாய்க்குட்டிகளுக்கு மயக்கம் தராத அளவில் மிகக் குறைவாக மார்பின் கொடுத்தால் அழுகை குறைகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் குழுவினர் 1978இலேயே காட்டினார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: இந்த ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தபோது, பிறரோடு ஒட்டுதல் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆக, வெளியிலிருந்து வரும் மருந்து அந்த ஏற்பிகளை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டால், மகள் அழும்போது மனசில் சுருக்கென்று தைப்பது மழுங்கலாம்.

ஆனால் நாளுக்கு 60 மி.கி. பெரிய அளவல்ல. தொடக்கத்தில் வரும் மந்தமும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விலகிவிடும். மூன்றாவது வாரத்திலும் நீடித்தால் வேறு காரணம் தேடவேண்டும். அவருடைய நோய்க்கு முதலில் பார்க்கவேண்டியது சிறுநீரகம். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப்பாதையை அடைத்தால், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். மார்பின் உடைந்து உண்டாகும் பொருள்கள் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். கைகால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பது, நாள் தெரியாமல் பேசுவது இதன் அடையாளங்கள். சத்தம் போடாத குழப்பநிலையும் உண்டு; ஆள் மூலையில் பேசாமல் கிடப்பார், வீட்டில் 'மனசு உடைஞ்சுட்டார்' என்பார்கள். யூரியா, கிரியாட்டினின், கால்சியம், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை கொடுத்த நேரம், 0 முதல் 10 வரை வலி, அப்போது எப்படிப் பேசினார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் மந்தமாகி, அடுத்த வேளைக்கு முன் தெளிந்தால் டோஸ் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். மாறாக, அடுத்த மாத்திரைக்கு முந்தைய அரை மணியில் முகம் சுளித்து எரிந்து விழுந்தால் மருந்து போதவில்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி என்றால், தெளிவாக இருக்கும்போது அவரிடமே கேளுங்கள்: பிடித்த எதிலாவது மனம் போகிறதா, விடியற்காலையில் விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடக்கிறாரா? பதில் மனச்சோர்வைக் காட்டினால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

புற்றுநோய்க்காக ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். உற்சாகமின்மைக்கு அதுவும் காரணமாகலாம். பழியை மார்பின் மேலேயே போட்டுவிட வேண்டாம். நரம்புவலிக்கான பிரிகாபலின், கபாபென்டின், பதற்றத்துக்கான அல்பிரசோலம் கூடவே எடுக்கிறாரா? மந்தத்தைக் கூட்டி மூச்சையும் குறைக்கும் சேர்க்கை அது. மலச்சிக்கலையும் கேளுங்கள். நான்கு நாள் வெளியே போகாதவர் பேரனைக் கொஞ்சமாட்டார்.

நோட்டையும் எல்லா மருந்து அட்டைகளையும் பாலியேட்டிவ் கேர் (வலி, துன்பம் தணிக்கும் சிகிச்சை) டாக்டரிடம் காட்டுங்கள். வலி பூஜ்யமாகவே இருந்தால் டோஸைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலிமருந்துப் பட்டைக்கு மாற்றக்கூடும். வீட்டில் நீங்களாக மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போகிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.